எவர்குவெஸ்ட்டும் அதன் பின்தொடர்ச்சியும்: கூட்டுழைப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1

ஓர் ஆக்கம் மக்களிடையே பெருவழக்குப் பெற்றபின் அதன் தொடர்ச்சியாக வேறோர் ஆக்கம் தோன்றுதல் இலக்கிய வரலாற்றிலே புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்பைக் கொண்டெழுந்த மணிமேகலையையும் சேர்த்தே இரட்டைக் காப்பியங்கள் என நாம் கற்று வந்துள்ளோம். செர்வாண்டிஸ் 1605இல் வெளியிட்ட 'டொன் கிஹோட்டே' நாவலுக்கு 1614இல் வேறொருவர் புனைபெயரில் தொடர்ச்சி எழுதிவிட, மறு ஆண்டிலே தாம் வெளியிட்ட இரண்டாம் பாகத்துள் அப்போலித் தொடர்ச்சியை எள்ளி நகையாடும் பகுதிகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். இவ்விரு சந்தர்ப்பங்களிலும் பின்னெழுந்த நூல் முன்னைய நூலை வாசிக்கும் முறையை மாற்றியிருக்கலாம். அதன் இருப்பை இல்லாதாக்கவில்லை.

இணையவழிப் பல்லோர் விளையாட்டு எனும் இக்காலக் கலைவடிவத்தில் நிலைமை வேறு. அங்கு ஆக்கமென்பது வாங்கி வந்து அலுமாரியில் வைத்துக்கொள்ளும் பொருளன்று. கம்பனியின் சேர்வர்கள் இயங்குமளவுக்கே அது உண்டு. பல்லாயிரவர் ஒரேவேளையில் அதனுட் புகுந்து ஒருவரோடொருவர் உறவாடுமளவுக்கே அதற்குப் பொருளும் உண்டு. 2022 ஒக்டோபரில் பிளிசார்ட் நிறுவனம் 'ஓவர்வோச் 2' என்பதை வெளியிட்டபோது, ஆறாண்டுகளாக ஆடப்பட்டுவந்த முதல் விளையாட்டின் சேர்வர்களை மூடிவிட்டது. முன்னதை மீண்டும் ஆட விரும்பியோருக்கு வழியேதும் விடப்படவில்லை. மணிமேகலை அரங்கேறிய அன்றே சிலப்பதிகார ஏடுகள் யாவும் தீக்கிரையாக்கப்பட்டன என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை புலனாகும்.

இத்தகைய பொருள் ஆய்விதழொன்றில் இடம்பெறத் தக்கதா என வினவுவோர் இருப்பர். நாவலையும் சிறுகதையையும்கூடப் பண்டித மரபு நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தி வைத்திருந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டி, மேலே செல்லலாம்.

பலராலும் விரும்பப்பட்ட இணையவழி விளையாட்டொன்றின் தொடர்ச்சி எவற்றை உள்ளடக்க வேண்டும் என்ற வினா எழும்போதெல்லாம் ஆடுவோரிடமிருந்து பட்டியல்களே விடையாக வருகின்றன: அழகிய காட்சிகள், விரிந்த நிலப்பரப்பு, புதிய இனங்கள், புதிய ஆயுதங்கள். இவை பண்டத்தின் பண்புகள். மனிதரிடையேயான உறவுகள் பண்டங்களுக்கிடையேயான உறவுகள் போலத் தோற்றமளிக்கும் மாயத்தைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) எடுத்துரைத்தமை இங்கு மனங்கொளத்தக்கது. ஆடுவோர் இழந்துவிட்டதாக ஏங்குவது ஒரு வாளையோ வரைபடத்தையோ அன்று. அவ்வாளைச் சூழ இருந்த ஒரு கூட்டு வாழ்வையே. 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டின் வரலாறு இதனை வேறெதனிலும் தெளிவாகக் காட்டுகின்றது.

2

எவர்குவெஸ்ட் 1999 மார்ச் 16ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பிராட் மக்குவெய்ட், ஸ்டீவ் குளோவர், பில் டிரோஸ்ட் ஆகியோர் அதன் ஆக்குநருள் முதன்மையானவர்கள். சோனி நிறுவனத்தின் இணைய விளையாட்டுப் பிரிவு அதன் உடைமையாளராயிற்று. நோராத் எனும் கற்பனை உலகிலே ஓர் இனத்தையும் ஒரு தொழிலையும் தெரிந்து, தனக்கென ஓர் உருவைப் புனைந்துகொண்டு, மாதாந்தச் சந்தா செலுத்தி ஒருவர் வாழலாம். அதன் உச்ச நிலையில் சந்தாதாரர் தொகை 4 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதுவே இவ்வடிவத்தின் தோற்றுவாய் எனக் கொள்ளல் பொருந்தாது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர், சொற்களால் மட்டுமே அமைந்த 'மட்' என்ற பல்லோர் விளையாட்டை ஆக்கினர். 1990களின் தொடக்கத்தில் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர் ஐவர் அவ்வழியில் 'டிக்குமட்' என்பதை உருவாக்கி, அதன் நிரலை எவரும் எடுத்தாளலாம், இலாபம் ஈட்டல் ஆகாது என்ற நிபந்தனையுடன் வெளியிட்டனர். எவர்குவெஸ்ட்டின் போர்முறை, தொழிற்பிரிவு, படிநிலை வளர்ச்சி யாவும் இம்மரபின் வழிவந்தவை. டிக்குமட்டின் நிரலை நாம் எடுத்தாளவில்லை என 2000ஆம் ஆண்டில் அதன் ஆக்குநர் சத்தியம் செய்து எழுத்தில் உறுதியளிக்க வேண்டியிருந்தது. நிரல் எடுக்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொள்வோம்; மாணவரின் கொடையுழைப்பால் விளைந்த கருத்துருவமோ சந்தாப் பண்டமாயிற்று. அவ்வகையில் எவர்குவெஸ்ட்டே ஒரு பின்தொடர்ச்சிதான்.

3

நோராத்தின் கதையமைப்பிலே புதுமை அதிகமில்லை. பிறப்பாலேயே நல்லோரெனவும் தீயோரெனவும் வகுக்கப்பட்ட இனங்கள், ஆளுக்கொரு தெய்வம், டோல்கினிடமிருந்து கடன் பெற்ற எல்ஃபுகளும் குள்ளரும் என்றவாறு அது நிலமானிய காலக் கனவொன்றின் மறுபதிப்பே. அதன் கருத்துநிலை தனியே ஆராயப்பட வேண்டியது. இங்கு நாம் நோக்கவேண்டியது கதையையன்று, கதையினுள்ளே ஆடுவோரை ஒருவரிலொருவர் தங்கிவாழச் செய்த விதிகளை.

நோராத்தில் இறந்தவன் தன் உடைமை அனைத்தையும் சடலத்திலேயே விட்டு, வெறுமையனாகத் தொலைவில் உள்ள ஓரிடத்தில் மீண்டெழுவான். ஈட்டிய அனுபவப் புள்ளிகளிலும் ஒரு பகுதி போய்விடும். சடலம் கொடிய விலங்குகள் நிறைந்த குகையின் ஆழத்திற் கிடக்கும். தனியே சென்றால் மறுபடியும் இறப்பான். ஆகவே பிறரை நாடியே தீரவேண்டும். மற்றொருவர் அச்சடலத்தை இழுத்து வருவதற்கு, இறந்தவன் 'கன்சென்ட்' எனும் கட்டளையைத் தட்டித் தன் சம்மதத்தை அளித்தாக வேண்டும். மதகுரு ஒருவர் மனமிரங்கி வந்து உயிர்ப்பித்தால் இழந்த புள்ளிகளின் பெரும்பகுதி மீளும். அந்த மதகுரு பெரும்பாலும் முன்பின் அறியாதவர். அவரது பெயர் நினைவில் நிற்கும். நன்றி மறந்தவரின் பெயரும் சேர்வர் முழுவதும் நினைவில் நிற்கும். மீண்டெழும் இடத்தை மாற்றிக்கொள்ளவும் போர்வீரனுக்குத் தன்னால் இயலாது. மந்திரம் வல்லார் ஒருவரை நகரினுள் இரந்து நிற்க வேண்டும். விரைந்தோட ஒருவரின் மந்திரம், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லத் துருயிட் ஒருவரின் தயவு, களைப்பாற மாயவித்தகரின் துணை. விலங்குகள் துரத்த வலயவாயிலை நோக்கி ஓடுபவன், வழியில் இருப்போரை எச்சரித்துக் கூவிக்கொண்டே ஓடுதல் அங்கு எழுதாச் சட்டமாயிருந்தது.

வாணிகமும் அவ்வாறே தோன்றிற்று. கிழக்குக் கொமன்லான்ட்ஸ் பகுதியிலுள்ள சுரங்கவழி ஒன்றினை ஆக்குநர் சந்தையாக அமைக்கவில்லை. பல சேர்வர்களில் ஆடுவோரே அங்கு கூடி, விலை கூறிக் கூவி, பேரம் பேசி, ஏமாந்து, ஏமாற்றி அதனைச் சந்தையாக்கினர். சோனியின் ஊழியர் எவரும் அதற்காகச் சம்பளம் பெறவில்லை. ஆனால் அச்சுரங்கவழியின் ஆரவாரத்துக்காகவும் மக்கள் மாதந்தோறும் சந்தா செலுத்தினர். ஆடுவோரின் ஊதியமற்ற கூட்டுழைப்பே அவ்வுலகின் பயன்பெறுமதியை ஆக்கியது. உடைமையாளர் அதனைப் பரிமாற்றப் பெறுமதியாக மாற்றி இலாபமாகப் பெற்றனர்.

இவ்வுழைப்பை முதலில் அளந்து காட்டியவர் மார்க்சியர் எவருமல்லர். எட்வட் கஸ்ட்ரனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 2001இல் எழுதிய ஆய்வொன்றிலே, ஈபே ஏலத்தளத்தில் நோராத்தின் நாணயமும் உருக்களும் விற்கப்பட்ட விலைகளை ஆதாரமாகக் கொண்டு, அங்கு ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் ஈட்டுவது 3.42 டொலர் எனவும், தலைக்குரிய தேசிய உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது எனவும் கணித்தார். அவர் இதனை ஒரு சந்தையின் வியப்பாகவே கண்டார். அவர் உண்மையில் அளந்தது உழைப்பு நேரத்தை. சோனி நிறுவனத்துக்கு அது விளங்கியேயிருந்தது: 2001இல் அவ்விற்பனைகளை ஈபேயிலிருந்து நீக்குவித்தது, 2005இலோ, எவர்குவெஸ்ட் இரண்டாம் விளையாட்டின் தெரிந்தெடுத்த சேர்வர்களில் தானே அத்தகைய சந்தையைத் திறந்து தரகுப்பங்கு பெறத் தொடங்கியது.

2003 நவம்பரில் றாலோஸ் செக் எனும் சேர்வரில் நிகழ்ந்த சம்பவமொன்று இங்கு விதந்து கூறத்தக்கது. கெராஃபிர்ம் என்னும் உறங்கும் பறவைநாகம் ஒரு சேர்வரில் ஒரே தடவை மட்டுமே எழுப்பப்படக்கூடியது. எழுந்தால் எதிர்ப்பட்டோரை அழித்து மறையும். அதனைக் கொல்ல முடியாதென்பதே ஆக்குநரின் எண்ணம். அந்தச் சேர்வரோ ஆடுவோர் ஒருவரையொருவர் தாக்கிக் கொள்ளக்கூடிய போர்க்களம். பகைத்து நின்ற குழாங்கள் மூன்று அங்கு ஒன்றுகூடின. நாகத்தின் உயிர்வலு ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறைந்த நிலையில், நிறுவனத்தார் அதனை மறையச் செய்தனர். எதிர்ப்பெழவே மன்னிப்புக் கோரி மறுவாய்ப்பு அளித்தனர். 17ஆம் திகதி, இருநூறுக்கு அண்மித்தோர் சுமார் மூன்று மணிநேரம் போரிட்டு அதனை வீழ்த்தினர். நாகம் கொன்ற வேகத்திலே மதகுருமார் இறந்தோரை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தமையே வெற்றியின் இரகசியம். அந்நாகத்திடமிருந்து கிடைத்த பொருள் எதுவுமில்லை. எழுதியவரின் கருத்தை மீறிப் பிரதி வேறொன்றாகும் தருணங்கள் பற்றித் திறனாய்வாளர் நிறையப் பேசியுள்ளனர். இருநூறு வாசகர் கூடி ஆசிரியரை வென்ற தருணத்தை இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

4

2004 நவம்பர் 8ஆம் திகதி எவர்குவெஸ்ட்டின் இரண்டாம் விளையாட்டு வெளிவந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்திய நோராத் அதன் களம்; லூக்ளின் என்னும் சந்திரன் வெடித்துச் சிதறியதால் கண்டங்கள் பிளந்துவிட்டனவாம். பழைய நிலத்தைப் பெயரளவில் வைத்துக்கொண்டு உருவில் அழித்துவிடும் இவ்வுத்தியைக் கதையின் தேவை எனக் கொள்வதிலும், இருவேறு பண்டங்களையும் ஒன்றோடொன்று மோதாமற் சந்தைப்படுத்தும் தேவை எனக் கொள்வதே பொருந்தும்.

இதனிலும் முக்கியமானது வேறொன்று. முதல் விளையாட்டில் ஒருவர் தாக்கிய விலங்கை மற்றவர் பறித்துக்கொள்ளும் தொல்லை இருந்தது. இரண்டாவதில் அதற்குக் கண்ட தீர்வு யாதெனின், ஒரு குழுவினர் போரைத் தொடங்கியதும் அப்போர் பூட்டப்பட்டுவிடும். வழியே வருபவர் அவர்கள் மடிவதைக் கண்டும் கைகொடுக்க இயலாது. குழுவினர் 'உதவி' என்று கூவினால் பூட்டுத் திறக்கும். ஆனால் வெற்றியின் பலன் அவர்களுக்குக் கிட்டாது. திருட்டைத் தடுக்கும்பொருட்டு உதவி தண்டனைக்குரியதாக்கப்பட்டது! தனியுடைமையின் தருக்கம் விதியாக வடிவெடுத்தமைக்கு இதனிலும் கூரிய எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது. காட்சிகள் முன்னதைவிடப் பன்மடங்கு சிறந்திருந்தன. பாத்திரங்கள் குரலெடுத்துப் பேசின. பட்டியலில் கேட்கப்பட்டவை பலவும் இருந்தன. சுரங்கவழியில் முன்பின் அறியாதவர் உயிர்ப்பித்த அந்த உலகு மட்டும் இருக்கவில்லை.

எனினும் முழுப்பழியையும் இரண்டாம் விளையாட்டின் மீது சுமத்துதல் வரலாற்றுக்கு மாறானது. 2001 டிசம்பரில் முதல் விளையாட்டிலேயே தானியங்கி வியாபாரிகள் நிறைந்த சந்தை திறக்கப்பட்டுவிட்டது, சுரங்கவழி வெறிச்சோடியது. 2002 ஒக்டோபரில், தொட்டவுடன் தொலைதூர நகருக்குக் கொண்டுசெல்லும் நூல்கள் வைக்கப்பட்டன. துருயிட்டின் தயவும் கப்பற் பயணமும் தேவையற்றனவாயின. ஆகவே மக்கள் விரும்பிய எவர்குவெஸ்ட் எது என்பதே பாடபேத ஆராய்ச்சிக்குரிய வினாவாகின்றது.

5

அவ்வாறாயின் பழையதை அப்படியே மீட்டுத் தருவதுதான் விடையா? ஆடுவோருட் பலர் அவ்வாறே கருதுகின்றனர். அக்கருத்துடன் எமக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முந்திய காலத்திலேயே பொற்காலத்தை வைத்துப் பார்க்கின்றது என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 'நாட்டுப்புறமும் நகரமும்' (1973) என்ற நூலிலே எடுத்துக்காட்டினார். நோராத் பற்றிய ஏக்கத்திலும் இக்கூறு உண்டு. அரிய விலங்கொன்று தோன்றுவதற்காக ஒரே இடத்திற் பல மணிநேரம் காத்திருத்தல், இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எழுந்துவந்து போரிடல் ஆகியன யாருக்கு இயன்றன? ஓய்வு நேரம் மிகுதியாகவுடைய மாணவருக்கும் வேலையற்றோருக்கும் இயன்றன. எட்டுமணி நேரம் உழைத்துவிட்டு வந்து குழந்தைக்குச் சோறூட்டும் பெண்ணுக்கு இயலவில்லை. அதுமட்டுமன்று; காத்திருப்பு நீள நீளச் சந்தாவும் நீண்டது. மனிதரை மனிதரோடு பிணைத்த அதே மந்தகதிதான் அவர்களின் நேரத்தைப் பணமாக்கும் பொறியாகவும் இருந்தது. இம்முரண்பாட்டைக் காணாத ஏக்கம் வெறும் பழமை வழிபாடே.

முரண்பாட்டின் ஒரு பக்கத்தைத் தீர்த்தது 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்'. 2004 நவம்பர் 23ஆம் திகதி வெளிவந்த இதனை ஆக்கியோருள் ரொப் பார்டோ, ஜெஃப் கப்லன் போன்றோர் எவர்குவெஸ்ட்டின் பெருங்குழாங்களில் ஆடியவர்கள். எவர்குவெஸ்ட்டின் மெய்யான பின்தொடர்ச்சி இதுவே எனலாம். தனியாகவும் அரைமணி நேரத்திலும் ஆடத்தக்கதாக இதனை அவர்கள் அமைத்தமை உழைக்கும் மக்களுக்கு வாயிலைத் திறந்தது. 2010 ஒக்டோபரில் சந்தாதாரர் 1 கோடி 20 இலட்சத்தைத் தாண்டினர். இதனைத் தரவீழ்ச்சி என இகழ்வோருடன் நான் சேரேன். ஆயின் 2009 டிசம்பரில், பல சேர்வர்களிலுமிருந்து அறிமுகமற்ற ஐவரை இயந்திரமே பொறுக்கியெடுத்துக் குகைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. வேலை முடிந்ததும் ஒரு சொல் பேசாது கலைந்தனர். குறுகிய நேரம் கிடைத்தது. அந்நேரத்திலே காண மனிதர் இல்லாது போயினர்.

மூன்றாவது எவர்குவெஸ்ட் ஒன்று எழுமாயின் அது தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே. பரஸ்பரத் தங்குநிலை வேண்டும்; நேரவிரயம் வேண்டியதில்லை. இரண்டும் பிரிக்கமுடியாதவை என்பது உண்மையன்று. சந்தா முறையே அவற்றை ஒன்றாகப் பிணைத்தது. சடலத்தை மீட்கப் பிறர் தேவை என்ற விதி இருக்கட்டும். அதற்கு நாலுமணி நேரம் ஆகவேண்டுமென்பதில்லை. வழிப்போக்கர் கைகொடுப்பதற்குப் பூட்டு எதுவும் இருத்தலாகாது. பண்டத்தை விற்பவரின் முகத்தை வாங்குபவர் காண வேண்டும். சேர்வர் சிறியதாக, ஒருவரது நற்பெயரும் கெட்டபெயரும் அங்கு நிலைக்கத்தக்கதாக அமைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்குநர் எதிர்பாராததை மக்கள் கூடிச் செய்துமுடிப்பதற்கான வெளியொன்று விடப்பட வேண்டும். அழகிய காட்சிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

6

உடைமை பற்றிய வினா எஞ்சுகின்றது. 'எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்' என்ற புதிய தொடர்ச்சி 2013 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதனோடிணைந்து 'லான்ட்மார்க்' என்னும் கட்டடக் கருவியும் மக்களிடம் கொடுக்கப்பட்டது. ஆடுவோர் அதிலே மாளிகைகளும் கோட்டைகளும் கட்டலாம்; சிறந்தவை வரவிருக்கும் விளையாட்டில் இடம்பெறக்கூடும் என்று கூறப்பட்டது. முற்கூட்டியே நுழைவதற்குப் பலர் 100 டொலர் வரையிற் செலுத்தினர். உழைப்பை அளிப்பதற்கு உழைப்பாளியே பணம் கட்டும் இவ்வினோத உற்பத்தி உறவு எமது காலத்துக்கே உரியது. இதற்கிடையில், 2015இல், சோனி அப்பிரிவை முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்க, அது டேபிரேக் எனப் பெயர் பெற்றது. 2016 மார்ச்சில் எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் கைவிடப்பட்டது. 2017 பெப்ரவரியில் லான்ட்மார்க்கின் சேர்வர்களும் மூடப்பட, கட்டப்பட்ட அத்தனையும் அழிந்தன. கட்டியவர் எவருக்கும் தம் ஆக்கத்தின் மீது காக்கும் உரிமை இருக்கவில்லை.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. 2009இல் தொண்டர் சிலர் 'புரொஜெக்ட் 1999' என்ற பெயரிலே, 1999 முதல் 2001 வரையிலான எவர்குவெஸ்ட்டை, பழைய பதிவுகளையும் நினைவுகளையும் ஒப்புநோக்கி விதி விதியாக மீட்டமைத்து, கட்டணமின்றி இயக்கத் தொடங்கினர். ஏடு தேடிப் பாடம் ஒப்பிடும் பதிப்பாசிரியரின் பணியிலிருந்து இது வேறுபட்டதன்று. 2015இல் டேபிரேக் நிறுவனம் அவர்களுடன் எழுத்துமூல உடன்பாடு செய்து அதற்கு இசைவளித்தது. 2012இல் மூடப்பட்ட 'சிற்றி ஒஃப் ஹீரோஸ்' விளையாட்டுக்கும் 2024 ஜனவரியில் இவ்வாறே தொண்டர் குழுவொன்றுக்கு உரிமம் கிடைத்தது.

ஆயின் இசைவென்பது உரிமையன்று. கொடுத்தவர் மறுக்கவுங் கூடும். 2025இல் இதே டேபிரேக், எவர்குவெஸ்ட்டை மாற்றியமைத்து இயக்கிய வேறொரு தனிச் சேர்வரை நடத்தியோர்மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அவர்கள் நன்கொடை பெற்றமையும் தம் சந்தையைப் பாதித்தமையும் நிறுவனம் கூறிய முறைப்பாடுகள். நன்கொடை பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் எந்தச் சேர்வர் வாழலாம், எது வாழலாகாது என்பதை நோராத்தை வாழ்ந்து ஆக்கியோர் அல்லர், பங்குதாரரே தீர்மானிக்கின்றனர். ஆகவே மூன்றாம் எவர்குவெஸ்ட்டில் இடம்பெற வேண்டியவற்றுள் ஒன்று நிலப்பரப்பிலோ காட்சியிலோ இல்லை. ஆடுவோர் வாசிக்காமலே சம்மதம் அளித்துக் கடந்துசெல்லும் உரிம ஒப்பந்தத்தில் உள்ளது. நிறுவனம் சேர்வர்களை மூடும் நாளில், அவற்றை இயக்கும் நிரலும் ஆடுவோர் ஆக்கியவற்றின் பதிவும், இலாபம் ஈட்டலாகாது என்ற கொப்பன்ஹேகன் மாணவரின் அதே நிபந்தனையோடு, ஆடுவோரிடம் ஒப்படைக்கப்படும் என்ற வாசகம் அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.